ஆடி அமாவாசையும் அயல்நாட்டுக் காக்காயும்

டூர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். டிக்கெட் போடுவது, ஓட்டல் பிடிப்பது, இன்சூரன்ஸ் எடுப்பது எல்லாம் உங்களுக்குக் கம்ப்யூட்டரே சொல்லிக் கொடுத்துவிடும். அதையே நானும் எழுதினால் எனக்கும் தூக்கம் வரும், உங்களுக்கும் வரும். கம்ப்யூட்டருக்குச் சுத்தமாகப் புரியாதது ஒன்று உண்டு. செஞ்சிக்காரர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நானும் செஞ்சிக்காரிதான் என்பதால் உரிமையோடு திட்டலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டூர் என்றால் காசி, ராமேசுவரம், நவக்கிரகக் கோயில்கள். பஸ்ஸின் மேலே அரிசி மூட்டை, பின் சீட்டில் சமையல்காரர். அப்புறம் பிள்ளைகள் படித்து வெளியூர் வேலைக்குப் போனார்கள். அப்பா அம்மாவைப் பார்த்து "எங்கனா போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து எல்லாம் முடிந்தது. யாரும் போகாத ஊராகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்து நின்றார்கள். எங்கள் முதலாளி உலகப் படத்தை மேசையில் விரித்து, ஐரோப்பாவின் ஓரத்தில் கடலை ஒட்டிக் கிடந்த ஒரு நாட்டின் மேல் விரலை வைத்தார். விரலை எடுத்த பிறகுதான் நாடு தெரிந்தது. மாண்டினீக்ரோ. அப்படி ஒரு நாடு இருப்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

சின்ன நாட்டை விற்பது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெல் மண்டி வைத்திருக்கும் பச்சையப்பன்தான் முதலில் வந்தார். எந்த டூர் போட்டாலும் முதலில் வந்து குறை சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் பெயரும் கொடுப்பவர்.

"எவ்ளோ பெரிய நாடுக்கா?"

"நம்ம விழுப்புரம் மாவட்டத்தப் போல நாலஞ்ச சேத்து வெச்சா, அவ்ளோதான்."

"அப்ப ரெண்டு நாளு போதுமே. மீதி நாளு அங்க குந்திக்கினு இன்னா பண்றது?"

"கடல் இருக்கு, பச்சையப்பன்."

"கடலு புதுச்சேரில இருக்குது. காலைல பஸ் ஏறுனா பாத்துட்டு மத்தியானச் சோத்துக்கு வூட்டுக்கு வந்துடலாம்."

முதலாளி பெரிய போஸ்டர் ஒன்று அச்சடித்து வந்து கடை வாசலில் மாட்டினார். கோட்டோர் என்று அங்கே ஒரு பழைய ஊர். பின்னால் பாறை மலை, மலை மேல் வளைந்து வளைந்து போகும் கோட்டைச் சுவர், அடிவாரத்தில் கடல். பார்ப்பவர் மயங்கிவிடுவார்கள் என்று முதலாளி நினைத்தார். பச்சையப்பன் கொஞ்ச நேரம் இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது, நம்ம ராஜகிரிய போட்டோ எடுத்து பக்கத்துல கடல ஒட்டி வெச்சிருக்கீங்க?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. செஞ்சியில் பிறந்தவர்களில் பாதிப் பேர், எங்கள் ஊர்க் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையின் உச்சியை இன்னும் பார்த்ததில்லை. கேட்டால், "ஸ்கூல்ல இட்டுனு போனாங்க, பாதியில கால் வலிச்சி குந்திட்டேன்" என்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, விமானத்தில் ஏறிப் போய் இன்னொரு கோட்டையைப் பார்க்கலாம் வாங்க என்றால் யார் வருவார்கள்?

கடைசியில் அந்த நாட்டை விற்றுக் கொடுத்தது கோட்டையும் இல்லை, கடலும் இல்லை. அதற்கு முந்தைய டூரில் ஒரு பெரிய நாட்டுக்குப் போயிருந்தோம். தினமும் ஒரு ஊர், தினமும் ஒரு ஓட்டல். விடிவதற்குள் பெட்டியைக் கட்டி வாசலில் வைக்க வேண்டும். அந்த நாட்டில் எங்கள் ஆட்கள் அதிகம் பார்த்தது அவரவர் பெட்டியைத்தான். அதனால் நான் இந்த முறை ஒன்றே ஒன்று சொன்னேன். நாடு சின்னது, எல்லா இடமும் பக்கம் பக்கம், ஒரே வீட்டில் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும். ஓட்டல் இல்லை, சமையலறையோடு வீடு.

"அப்ப சோறு வடிச்சிக்கலாமா?" என்று கேட்டார் தனம் அண்ணி.

"தாராளமா வடிச்சிக்கலாம் அண்ணி."

அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். போஸ்டரில் இருந்த கடலைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. போஸ்டரில் இல்லாத அடுப்பைக் கேட்டு வந்தார்கள். ஒரு நாட்டுக்கு எது கவர்ச்சி என்பதை அந்த நாட்டுக்காரர்களைக் கேட்காதீர்கள். போகிறவர்களைக் கேளுங்கள்.

தனம் அண்ணியின் கணவர் மாணிக்கம் அண்ணன். கரண்ட் ஆபீஸில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசிவிடுவார். சர்க்கரை நோய்க்கு வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவர். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டோரில் எங்கள் ஆட்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அங்கே கடல், மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்து அலையே இல்லாமல் கிடக்கும். "பனமலை ஏரியாட்டமே இருக்குது. தண்ணி மட்டும்தான் ரொம்பி இருக்குது" என்றார் அண்ணி. கோட்டைக்கு ஒருவரும் ஏறவில்லை. எல்லோரும் அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்தபடி ஊர்க்கதை பேசினார்கள். அந்த வேலையில் நம்மை அடிக்க உலகத்தில் ஆள் கிடையாது. வெள்ளைக்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து மேலே ஏறுவதைப் பார்த்து, "பாவம், இதுங்க ஊர்ல மலை இல்ல போல" என்று பச்சையப்பன் பரிதாபப்பட்டார்.

ஒரு நாள் காலை எழுந்து சமையலறைக்குப் போனால், தனம் அண்ணி ஊரிலிருந்து கொண்டு வந்த மிக்சியில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, வடையா? விசேஷமா?"

"ஆடி அமாவாசைம்மா இன்னிக்கு. தெரியாதா?"

தெரியாது. எந்தத் தேதியில் விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததோ அந்தத் தேதியில் டூர் போட்டிருந்தோம். ராகு காலம் பார்த்தோம், அமாவாசை பார்க்கவில்லை. குழுவில் அப்பா இல்லாத ஆண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் எல்லாம், "ஊர்ல தம்பி படைச்சிடுவான்", "அண்ணன் பாத்துக்குவாரு" என்று ஆளுக்கு ஒரு வாரிசைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். மாணிக்கம் அண்ணன் ஒரே பிள்ளை. தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை. அதனால் படையலைப் பெட்டியிலேயே கொண்டு வந்திருந்தார். தையல் இலை, விபூதி, ஊதுவத்தி, பச்சரிசி, வெல்லம் எல்லாம் இருந்தன. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதையே வந்தது. சங்கடப்படாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பயணி டூர் மேனேஜருக்கு வரம்.

அந்த மரியாதை மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது.

சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் தயாரானது. வாழைக்காய் கிடைக்காமல் அங்கத்துச் சுரைக்காய் மாதிரி ஏதோ ஒன்றைப் பொரியல் பண்ணினார்கள். படைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, அண்ணன் ஒரு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். இலையைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார்.

"கா... கா... கா..."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமாவாசையில் காக்காய் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவது. செஞ்சியில் இலையை மாடிக்கு எடுத்துப் போவதற்கு முன்பே காக்காய்கள் வரிசையில் நிற்கும். கோட்டோரில் வந்தது ஒரு கடற்பறவை. வெள்ளை வெளேரென்று, வாத்து அளவுக்கு இருந்தது. இறங்கிய வேகத்தில் வடையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"ஆச்சு! சாப்ட்டுச்சி, வாங்க எல போடலாம்" என்றார் பச்சையப்பன். அவருக்குப் பசி.

"அது காக்கா இல்ல" என்றார் அண்ணன்.

"அதுவும் பறவைதானேண்ணா."

"நானு கூப்ட்டது காக்காய. இது கூப்புடாம வந்து திருடிக்கினு போச்சி. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டாவது இலை வைத்தோம். அதைப் பூனை தின்றது. கோட்டோரில் மனிதர்களை விடப் பூனைகள் அதிகம். டூரிஸ்டுகள் அதுகளைக் கொஞ்சிப் படம் எடுப்பார்கள், பூனை பொம்மை விற்கவே தனியாகக் கடை இருக்கிறது. அந்த நாட்டின் கவர்ச்சிகளில் அதுவும் ஒன்று என்று எங்கள் நோட்டீஸிலேயே போட்டிருந்தோம். அன்று எனக்கு அதுகளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது இலை வைத்துவிட்டு அண்ணன் பால்கனியிலேயே நின்றார். காக்காயைக் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குரல் கம்மிப் போனது. அப்போதுதான் அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னார்.

"எம்மா, சோறு ரெடின்னு சொன்னதும் இவுரு மாத்திரைய போட்டுட்டாரு. காலைலருந்து பச்சத் தண்ணிதான். இப்ப பாரு, நெத்தியெல்லாம் வேர்க்குது."

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். முன்பு ஒரு டூரில் ஒருவர் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்து, நான் அழுதிருக்கிறேன். இங்கே பாஷை தெரியாத ஊர். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் செஞ்சியில் அவர் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது? காக்காய் வரவில்லை என்றா?

கீழே இறங்கி ஓடினேன். ஊருக்கு நடுவே கல் பாவிய ஒரு சதுக்கம். நாலு பக்கமும் காப்பிக் கடைகள். அங்கே நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்து "கா... கா..." என்று கத்தினேன். எனக்கு எதிர்ப்பக்கம் பச்சையப்பன் நின்று கத்தினார். பசி அவருக்கு நல்ல குரல் கொடுத்திருந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். பாட்டுக் கச்சேரி என்று நினைத்து ஒரு அம்மாள் கைதட்டினாள். ஐம்பத்தெட்டு வயதில், ஐரோப்பாவில், நான் ஆடிய ஆட்டம் அது. வந்ததெல்லாம் புறாக்கள்.

திரும்பி மேலே வந்து அண்ணனிடம் சத்தம் போட்டேன். டூர் மேனேஜர் பயணியிடம் சத்தம் போடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல பாடம்தான். நான் போட்டேன்.

"அண்ணா, உயிர விடவா வெளிநாட்டுக்கு வந்தீங்க? சாமி கோவிச்சிக்காது, ஒரு வாய் சாப்டுங்க. ஜூஸாவது குடிங்க."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாமிக்காக இல்ல தங்கச்சி. எங்க நைனா கூலி வேலைக்குப் போனவரு. நாத்து நடறதும் அறுப்பும் எல்லாம் மத்தவங்க நெலம். அங்க எல்லாரும் சாப்ட்டப்புறம் கடசீலதான் அவருக்குப் போடுவாங்க. வூட்டுக்கு வந்தாலும் நாங்க சாப்ட்டு மீதி இருந்தாதான் அவருக்கு. நானு வேலைக்குப் போயி ஒக்கார வெச்சிச் சோறு போடலாம்னு நெனைக்கறதுக்குள்ள போயிட்டாரு. உயிரோட இருந்தவரைக்கும் மொத எல அவருக்குக் கெடைக்கவே இல்ல. அமாவாசையில மட்டும்தான் அவரு மொதல்ல சாப்புடறாரு. அவரு சாப்புடாம நானு எப்படிச் சாப்புடறது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழக் கூடாது என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

பச்சையப்பன் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினார்.

"அக்கா, நானு எலைய கீழ எடுத்துனு போயி கொட்டிட்டு, காக்கா வந்து துன்னுச்சின்னு சொல்லிடறேன். நீங்களும் பாத்தேன்னு சொல்லுங்க. அவுரு இன்னா வந்து பாக்கவா போறாரு?"

என் வேலைக்காலத்தில் நான் சொல்லாத பொய் இல்லை. ஓட்டல் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். எட்டிப் பார்த்தவர்கள் கழுத்து சுளுக்கி வந்து நின்றிருக்கிறார்கள். இந்தப் பொய்யும் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் என்றைக்காவது இது அவருக்குத் தெரிந்தால், அதற்கப்புறம் எந்த அமாவாசையில் எந்தக் காக்காய் வந்து சாப்பிட்டாலும் அந்த மனிதரால் நம்ப முடியாது. நெருக்கடியில் பொய் சொல்லாதே என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்வதற்கு முன் அந்தப் பொய் அவர் வீட்டில் எத்தனை நாள் தங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓட்டல் ஜன்னல் பொய் ஒரு வாரத்தில் செத்துப் போகும். இது சாகாது.

"வேணாம் பச்சையப்பன். காக்காயத்தான் தேடணும்."

எங்கள் வேன் டிரைவர் நிக்கோலா. அந்த ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும், ஓரளவு இங்கிலீஷ் பேசுவார். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் செல்போனில் காக்காய்ப் படத்தைக் காட்டினேன்.

"இது இந்த ஊரில் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஏன், ஏதாவது கொத்தியதா?"

"கொத்தவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும்."

பன்னிரண்டு நாடுகளின் டூரிஸ்டுகளை ஏற்றி இறக்கியவர் அவர். எதற்கும் அசர மாட்டார். இதற்கு அசந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் துணியை வண்டிக்குள் எறிந்தார்.

"என் அம்மா வீட்டுக்குப் போகலாம். மலை மேலே. அம்மாவுக்கும் காக்காய்களுக்கும் பல வருடமாகச் சண்டை."

மாணிக்கம் அண்ணனை முன் சீட்டில் உட்கார வைத்தேன். அவர் சட்டை முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. ஜூஸ் பாட்டிலைத் திறந்து என் கையில் வைத்துக்கொண்டு, "இது சாப்பாடு இல்ல அண்ணா, மருந்து. நான் குடுத்தா குடிக்கணும்" என்றேன்.

"கண்ணு இருட்டுனா சொல்றேன். அதுவரைக்கும் கேக்காத."

அவ்வளவுதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டேன். பின் சீட்டில் அண்ணி மடியில் படையல் பாத்திரம். பக்கத்தில் பச்சையப்பன். சாப்பாடு எங்கே போகிறதோ அங்கேதான் அவரும் வருவார்.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே நீலக் கடலும் சிவப்பு ஓட்டு வீடுகளும், கையில் எடுத்துக்கொள்ளலாம் போல் தெரிந்தன. அந்த நாட்டிலேயே அழகான பாதை அதுதான் என்று பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்று நான் பார்த்தது அண்ணன் கண்ணை மட்டும்தான்.

நிக்கோலாவின் அம்மா வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய அத்திமரம். அதில் பழம் பழுத்து நிற்கிறது. கீழே அந்த அம்மாள், கறுப்பு உடுப்பில், கையில் நீளக் கழியோடு நிற்கிறாள். கழி நுனியில் ஒரு தகர டப்பா கட்டியிருந்தது. அதை ஆட்டி, மரத்தைப் பார்த்து என்னவோ திட்டிக்கொண்டிருந்தாள். பாஷை புரியாவிட்டாலும் கெட்ட வார்த்தை என்பது புரிந்தது. மரத்திலிருந்து நாலைந்து காக்காய்கள் எழும்பிப் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்தன.

நிக்கோலா போய் அம்மாவிடம் பேசினார். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வருடக்கணக்காகத் தான் விரட்டுகிற ஜென்மங்களுக்கு, கடல் கடந்து வந்து விருந்து வைக்க ஒரு கூட்டம்! கழியை எங்கள் பக்கமே திருப்பிவிடுவாள் என்று பயந்தேன். நிக்கோலா இன்னும் கொஞ்சம் சொன்னார். அவள் மாணிக்கம் அண்ணனைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"உங்கள் அப்பா இறந்து எத்தனை வருடம் என்று கேட்கிறாள்" என்றார் நிக்கோலா.

"முப்பதுக்கு மேல ஆச்சி" என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவர்கள் ஊரிலும் செத்தவர்களுக்கென்று நாள் இருக்கிறதாம். கோதுமையை வேகவைத்து இனிப்பு சேர்த்து எடுத்துப் போவார்களாம், கல்லறையில் சாப்பாடு வைப்பார்களாம். நிக்கோலா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போய் ஒரு சின்ன கிளாஸில் அவர்கள் ஊர்ச் சாராயம் எடுத்து வந்தாள். அண்ணன் அப்பாவுக்காக மண்ணில் கொஞ்சம் ஊற்றினாள். மிச்சத்தை அண்ணனிடம் நீட்டினாள். அமாவாசையும் அதுவுமாக அவர் எப்படிக் குடிப்பார்? கைகூப்பினார். அந்த அம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பெரியவருக்கு ஊத்துனத வேணாம்னு சொல்லக் கூடாதுண்ணா" என்று பச்சையப்பன் முன்னால் வந்து வாங்கி ஒரே மடக்கில் விழுங்கினார். விழுங்கிய பிறகு ரொம்ப நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த டூரிலேயே அவர் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

சுற்றுச்சுவர் மேல் இலையை விரித்தோம். அந்த அம்மாளை வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னோம், அவளைக் கண்டால் காக்காய் வராது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். குரல் பாதிதான் வந்தது. கூரையிலிருந்து ஒன்று இறங்கி வந்து சுவரின் கோடியில் உட்கார்ந்தது.

பக்கத்தில் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. தலை கறுப்பு, இறக்கை கறுப்பு. உடம்பு பூராவும் சாம்பல் நிறம்.

"இது காக்காயே இல்ல" என்றார் பச்சையப்பன். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

"கம்முனு இருய்யா" என்றார் தனம் அண்ணி. "இந்த ஊர்ல மனுசனே வெள்ளையா இருக்கான். காக்கா மட்டும் நம்ம கலர்ல இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவர் அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜூஸ் பாட்டிலோடு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினால் வாயைத் திறந்து ஊற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அது பக்கவாட்டில் தத்தித் தத்தி இலைக்கு வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. வாயை வைக்கவில்லை. கூரைப் பக்கம் திரும்பி, தொண்டை கட்டிய குரலில் கத்தியது. இன்னும் இரண்டு வந்தன. அவை வந்த பிறகுதான் அது சோற்றில் அலகை வைத்தது.

"தனியாத் துன்னல பாரு" என்றார் அண்ணன். "கூப்ட்டுத் துன்னுது. காக்காதான்."

அங்கேயே முற்றத்தில் உட்கார வைத்து அண்ணி அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். மூன்றாவது கவளத்துக்குள் நான் பாட்டிலை மூடினேன். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் வெளியே வந்து ஒரு வடையைக் கடித்துப் பார்த்து, இன்னொன்று எடுத்துக்கொண்டாள். அண்ணன் வேர்வை அடங்கி, சுவரில் சாய்ந்து, கீழே தெரிந்த கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு விசா குடுக்கறதுக்கு எத்தினி கேள்வி கேட்டாங்க. எங்க நைனாவ பாரு தங்கச்சி, கூப்ட்டதும் வந்துட்டாரு."

செஞ்சிக்குத் திரும்பிய ஒரே வாரத்தில் கதை மண்டி, மார்க்கெட், கல்யாண வீடு என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. பச்சையப்பன் வாயில் இருந்தால் பரவாமல் என்ன செய்யும்? அவர் சொல்லும் கதையில் சாராயம் ஒரு சொம்பாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் போஸ்டரைப் பார்க்காமலே, "அந்தக் காக்கா வந்த ஊருக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டார்கள். அடுத்த டூருக்கு நான் ஜாக்கிரதையாகி, ஒன்றுக்கு இரண்டு காலண்டர் பார்த்துத் தேதி குறித்தேன். இனி ஒரு ஜென்மத்துக்கும் சதுக்கத்தில் நின்று கத்துவதில்லை என்று இருந்தேன்.

ஒரு நாள் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் பஸ் பிடித்து மகனோடு வந்தாள். சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். அந்த நாட்டு டூருக்குத் தேதி கேட்டாள். நான் தேதியைச் சொல்லிவிட்டு, பெருமையாக, "பயப்படாதம்மா, நடுவுல அமாவாசை வராதபடி பாத்துத்தான் போட்டிருக்கேன்" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது.

"அமாவாசைக்கு அங்க இருக்கறாப்ல போடக் கூடாதாக்கா?"

"எதுக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரரு சாவற வரிக்கும் கடைய வுட்டு எங்கியும் போனதில்ல. நானு மட்டும் போயி நல்ல ஊரெல்லாம் பாத்துட்டு வந்தா நல்லாவா இருக்கும்? அன்னிக்குன்னா பையன் கூப்புடுவான். அவரும் வந்து பாத்துட்டுப் போவாரில்ல?"

நான் தேதியை மாற்றினேன்.